குடிகாரன் முனை

அந்தக் கடலோர ஊருக்கு ஸ்டெனோ மொத்தம் நான்கு தடவை போனாள். முதல் தடவை புருஷனோடு போனவள் புருஷன் இல்லாமல் திரும்பினாள்.

கோர்ட்டில் அவளுக்குப் பெயரே ஸ்டெனோதான். சாட்சிகள் சொல்வதைச் சுருக்கெழுத்தில் பிடித்து, அன்றைக்கே தட்டச்சு செய்து நீதிபதியின் மேஜையில் வைப்பது அவள் வேலை. சாட்சி தும்மினால் தும்மினார் என்று எழுதுகிறவள் என்று வக்கீல்கள் கேலி பேசுவார்கள். கேலிக்குள் மரியாதையும் இருந்தது. ஒருத்தரை ஒருத்தர் நம்பாத இரண்டு தரப்பு வக்கீல்களும் அவள் தாளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்வார்கள்.

புருஷன் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். சாது. இருமல் மருந்தின் வாடைக்கே முகத்தைச் சுளிப்பான். கல்யாணமாகி இரண்டாவது வருஷம், நான்கு நாள் லீவு சேர்ந்தாற்போல் வந்தது. கடல் பார்க்கப் போனார்கள்.

அப்போது அது ஊர் என்று சொல்கிற அளவுக்குக்கூட இல்லை. ஒரு கயிற்றுக் கடை, அதன் மேல் எட்டு அறை உள்ள ஒரு விடுதி. ஒரு டீக்கடை. டெலிபோன் வேண்டுமென்றால் தபாலாபீசுக்கு நடக்க வேண்டும். கரையோரமாக வடக்கே போனால் பாறை துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு முனை. அதற்குப் பெயர்கூடக் கிடையாது. தண்ணீர் அங்கேதான் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு அவன் அங்கே இறங்கினான். சின்ன வயசிலிருந்து அவனுக்கு ஒரு பழக்கம், தண்ணீரில் இறங்குமுன் மூக்குக் கண்ணாடியை மடித்து இடது கால் ஷூவுக்குள் வைப்பான். அன்றும் வைத்தான். கையில் டீ டம்ளரோடு மணலில் உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்து தடவை கையை வீசியிருப்பான். அப்புறம் கரையைப் பார்த்துத் திரும்பினான். திரும்பினவன் கரைக்கு வராமல் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தான். அவன் விளையாடுகிறான் என்று நினைத்து அவள் சிரித்தாள்.

அவன் உடலைத் தூக்கிக்கொண்டு வந்தவன் ஒரு படகுக்காரன். ஷூவையும் அதற்குள் மடித்து வைத்திருந்த கண்ணாடியையும் எடுத்து அவள் கையில் கொடுத்தவனும் அவன்தான். சுக்கான் என்றுதான் ஊரே அவனைக் கூப்பிடும். சுக்கான் இல்லாத படகையும் கரை சேர்த்துவிடுவான் என்பதால் வந்த பெயர். அவன் பெண்டாட்டி ஸ்டெனோவைத் தன் வீட்டுக்கு இழுத்துப் போய், ஈரத் துணியை மாற்றி, தன்னுடைய நல்ல துணியை உடுத்திவிட்டு, இரண்டு நாள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். நாத்தனார் வந்து சேரும் வரைக்கும் ஸ்டெனோவுக்கு ஆகாரம் ஊட்டிவிட்டது அந்தக் கைதான். சுக்கான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். உள்ளே வர அவனுக்கு முகமில்லை.

"அந்த முனையில இழுப்பு இருக்கும்மா. எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். வெளியூர்க்காரங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு போர்டு வெக்காம விட்டது எங்க தப்பு" என்று சொல்லித் தேம்பினான்.

மூன்று வருஷம் கழித்து ஸ்டெனோ மறுபடி போனாள். முனையில் இரும்புக் கம்பத்தில் ஒரு போர்டு நின்றது. 'இங்கே இறங்காதீர்கள். இழுப்பு உண்டு. ஓர் உயிர் போயிருக்கிறது.' சுக்கானே எழுதி, சுக்கானே குழி தோண்டி நட்டது. உப்புக் காற்றில் எழுத்து உரிந்துபோகும் என்று வருஷம் தவறாமல் பெயிண்ட் அடிப்பதாக அவன் பெண்டாட்டி சொன்னாள். ஊர் கொஞ்சம் சதை போட்டிருந்தது. விடுதி மூன்றாகியிருந்தது. சிப்பிமாலை விற்கும் கடைகள் வரிசையாக முளைத்திருந்தன. சுக்கானுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அவன் பெண்டாட்டி அதை ஸ்டெனோவின் மடியில் போட்டுவிட்டு, இதைப் பிறந்த வீடு மாதிரி நினைத்துக்கொண்டு வருஷா வருஷம் வந்துவிட வேண்டும் என்றாள். ஸ்டெனோ தலையாட்டினாள். மனசார ஆட்டினாள்.

ஆனால் போகவில்லை. முதலில் நாத்தனாருடைய வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்தார். அப்புறம் அவர் போனார். பிள்ளைகுட்டி இல்லாத நாத்தனார் தன் பெட்டியோடு ஸ்டெனோ வீட்டுக்கே வந்துவிட்டாள். கொஞ்ச நாள் கடிதம் போய் வந்தது. பிறகு அதுவும் நின்றது. பதினோரு வருஷம் ஓடியதே தெரியவில்லை.

மூன்றாம் தடவை போனபோது நாத்தனாரும் கூட வந்தாள். காது கொஞ்சம் மந்தமாகியிருந்ததே தவிர நாக்கு அப்படியேதான் இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்தில் இரண்டு பேருக்கும் திசையே புரியவில்லை. நான்கு வண்டி ஒன்றாய்ப் போகிற அகலத்துக்கு ரோடு. கயிற்றுக் கடை இருந்த இடத்தில் ஏழு மாடி ஓட்டல். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கம்பத்துக்குக் கம்பம் அம்புக்குறி போட்ட பலகைகள். அதில் ஒன்று 'குடிகாரன் முனை' என்று வடக்கே கை காட்டியது.

"குடிகாரனுக்கு ஒரு முனையா? நம்ம தெருவுல இந்த மாதிரி பேர் வெக்க ஆரம்பிச்சா வீட்டுக்கு ஒரு பலகை வேணும்" என்றாள் நாத்தனார். ஸ்டெனோவும் சிரித்தாள். ஒரு கடையில் அதே பெயர் பொறித்த சாவிக்கொத்துகள் தொங்கின. தள்ளாடும் மனிதன் ஒருவன், கையில் பாட்டில். நாத்தனார் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மாட்டினாள்.

சுக்கான் வீடு இருந்த இடம் கார் நிறுத்துமிடமாகியிருந்தது. அங்கே சீட்டுக் கிழிக்கிறவரிடம் விசாரித்தபோது, படகுத்துறைக்குப் போங்கள், கதை சொல்கிற படகு என்று கேளுங்கள், அவர்தான் ஓட்டுகிறார் என்று சொன்னார். இரண்டு பேரும் போய் வரிசையில் நின்றார்கள்.

படகு பெரியது. முப்பது பேர் உட்காரலாம். சுக்கான் தடித்துப்போயிருந்தான். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் மைக். கையைப் பிடித்து ஏற்றிவிட்டபோது அவன் ஸ்டெனோவின் முகத்தைப் பார்க்கவே இல்லை, பார்த்து ஏறுங்கம்மா என்று அவள் காலைப் பார்த்துத்தான் சொன்னான். சவாரி முடிந்ததும் பெயரைச் சொல்லி அவனைத் திடுக்கிட வைக்க வேண்டும் என்று ஸ்டெனோ மனசுக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்கு ஏதோ குழந்தை மாதிரி சந்தோஷமாக இருந்தது.

படகு முனைக்கு எதிரே வந்ததும் சுக்கான் இன்ஜினைக் குறைத்தான். பாறை மாறவில்லை. அதன்மேல் வண்ணக் குடைகள் நின்றன. குடைகளுக்குக் கீழே தண்ணீரில் ஜனங்கள் இறங்கிக் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். போர்டைக் காணோம். ஸ்டெனோ அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மைக் கரகரத்தது.

"இதுதாங்க குடிகாரன் முனை. ரொம்ப வருஷத்துக்கு முன்னால ஒரு ஆளு பொண்டாட்டிய கூட்டிட்டு இங்க வந்தான். காலைல பல்லு வெளக்கறதுக்கு முன்னாலயே ஒரு பாட்டில். கரையில நின்னு, 'இந்தக் கடல நான் குடிச்சுக் காட்டவா?'ன்னு பந்தயம் கட்டினான். பொண்டாட்டி, 'மொதல்ல இந்தப் பாட்டில முடிங்க'ன்னா."

படகு குலுங்கியது. குழந்தைகள்கூடச் சிரித்தார்கள். வார்த்தை பாதி காதில் விழாவிட்டாலும் நாத்தனாரும் எல்லாரோடும் சேர்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். ஸ்டெனோவுக்கு இன்னும் ஒன்றும் உறைக்கவில்லை.

"ஆனா ஒண்ணுங்க, குடிகாரனா இருந்தாலும் நெதானம் தப்பாதவன். எறங்கறதுக்கு முன்னால என்ன பண்ணான் தெரியுமா? மூக்குக் கண்ணாடிய கழட்டி, அழகா மடிச்சு, ஷூவுக்குள்ள பத்திரமா வெச்சான். பாட்டில மட்டும் விடல. கையோட எடுத்துட்டுப் போனான்."

மறுபடியும் சிரிப்பு. நாத்தனாருடைய சிரிப்பு மட்டும் பாதியில் அறுந்தது. பொத்திய கையை வாயிலிருந்து எடுக்காமல் அப்படியே ஸ்டெனோவைத் திரும்பிப் பார்த்தாள். முன் வரிசையில் ஒருவர், அந்தப் பெண்டாட்டி என்ன ஆனாள் என்று கேட்டார். கேட்பதற்காகவே காத்திருந்தவன்போல் சுக்கான் பதில் சொன்னான்:

"அவளா? அடுத்த வருஷமே வேற ஒருத்தன் கையப் புடிச்சுக்கிட்டு இதே கடலுக்கு வந்தா. அவனுக்கு நீச்சல் தெரியுமான்னு மட்டும் கேட்டுக்கிட்டாளாம்."

ஸ்டெனோவின் கை தன்பாட்டுக்குப் பையைத் திறந்தது. நோட்டும் பென்சிலும் எப்போதும் அதில் இருக்கும். அழுகை வர வேண்டிய இடத்தில் அவளுக்கு வேலை வந்தது. அதுவரை சொன்னதையும், மேலே அவன் சொல்லச் சொல்ல வந்ததையும் ஒன்று விடாமல் பிடித்தாள். எழுத்து நடுங்கவில்லை. அதற்காகப் பின்னாளில் அவளுக்கே தன்மேல் ஓர் அருவருப்பு உண்டு.

துறையில் எல்லாரும் இறங்கினார்கள். நாத்தனார் கல் பெஞ்சில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். ஸ்டெனோ படகிலேயே நின்றாள். நோட்டைப் பார்த்த சுக்கான் ஏதோ பத்திரிகையிலிருந்து வந்தவள் என்று நினைத்துவிட்டான். அவளும் திருத்தவில்லை. இந்தக் கதை உண்மையா என்று மட்டும் கேட்டாள்.

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். மைக்கைக் கழற்றி வைத்தான். குரல் இறங்கியது.

"எழுதறதா இருந்தா என் பேரப் போடாதீங்க. அந்த ஆளு குடிக்கவே இல்ல. நான்தான் தூக்கினேன், எனக்குத் தெரியாதா? நான் சொல்றது முழுப் பொய். அங்க இழுப்பு இருக்கு, தெரிஞ்சேதான் ஜனங்கள எறக்கி விடறோம்." கறுப்புக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தான். "நான் நட்ட போர்ட ஓட்டல் முதலாளி புடுங்கிப் போட்டப்ப தடுக்கப் போனேன், ஆள வெச்சு அடிச்சாரு. குடிச்சிட்டுச் செத்தான்னு சொன்னாத்தான் ஜனங்க பயப்பட மாட்டாங்கன்னு இந்தக் கதைய அவர்தான் கட்டிக் குடுத்தாரு. சொல்லலன்னா துறையில படகு கட்ட முடியாது, எனக்கு ஒரு பொண்ணு இருக்கு."

ஸ்டெனோ அதையும் எழுதிக்கொண்டாள். அவனுடைய கண் கலங்கியிருந்ததைப் பார்த்தாள். பார்த்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை. முதலாளியை அவள் கண்ணால் கண்டதில்லை. வாசலில் உட்கார்ந்து தேம்பினவன் இவன். தன் புருஷன் அன்றைக்கு ஷூவுக்குள் வைத்த கண்ணாடியை இந்த உலகத்தில் பார்த்த இரண்டு பேரில் ஒருவன் இவன். அதை எடுத்துச் சிரிப்புக்கு விற்றவனும் இவன்தான். நன்றி என்று சொல்லி இறங்கினாள்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இடம் வாங்கி உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்தாள். முழுப் பொய் என்று அவன் சொன்னதைப் போட்டாள். தெரிந்தேதான் இறக்கி விடுகிறோம் என்றதைப் போட்டாள். அதற்கு அடுத்த மூன்று வரிக்கு வந்தபோது விரல் நின்றது. முதலாளி பெயர் வந்தால் காகிதம் நகராது, பெரிய இடம், வருஷக்கணக்கில் இழுத்தடிப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோர்ட்டில் இருபது வருஷம் குப்பை கொட்டினவளுக்கு அது தெரியாததல்ல. ஆனால் அதுதான் காரணமா என்றால் இல்லை. அந்த மூன்று வரியும் இருந்தால் சுக்கான் பாவப்பட்ட மனிதனாகிவிடுவான். அவன் அப்படி ஆவது அவளுக்குப் பிடிக்கவில்லை. தும்மலைக்கூட விடாதவள் மூன்று வரியை விட்டாள். கீழே, கேட்டது கேட்டபடி எழுதப்பட்டது, எதுவும் விடப்படவில்லை என்று வழக்கம்போல் அடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

துறைமுக அலுவலகத்தில் கொடுத்த மனு மூன்றே வாரத்தில் விசாரணைக்கு வந்தது. மனுதாரர் இறந்தவரின் மனைவி என்று வாசித்தபோதுதான் சுக்கான் அவளை முதல் தடவையாக முகத்துக்கு நேரே பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. பின் வரிசையில் ஓட்டல் மேனேஜர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அதிகாரி தாளைக் காட்டி இதைச் சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன் என்றான். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டார். சுக்கான் பின் வரிசையை ஒரு தரம் பார்த்தான். ஸ்டெனோவை ஒரு தரம் பார்த்தான். இந்த அம்மா எல்லாவற்றையும் எழுதியிருப்பாள் என்று நம்பினானோ என்னவோ, இல்லை என்று தலையை ஆட்டினான். படகு லைசென்ஸ் அன்றே ரத்தானது. முனையின் பெயரை மாற்றக் கேட்டிருந்த பகுதிக்கு, அது எங்கள் அலுவலகத்தின் வேலை அல்ல என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

இரண்டு வருஷம் கழித்து நாத்தனார்தான் ஆரம்பித்தாள். லைசென்ஸ் போன பிறகாவது அந்தப் பெயர் போயிற்றா என்று பார்த்துவிட்டு வா என்றாள். நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் வரல. என் தம்பி சாவுக்கு நானே சிரிச்ச எடம் அது."

ஸ்டெனோ தனியாகப் போனாள். இந்தத் தடவை யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. பஸ் நிலையத்திலிருந்தே ஓட்டல் வண்டி இலவசமாக முனைக்கு அழைத்துப் போனது. அங்கே பாறையைச் சுற்றிச் சிமெண்டுத் தளம், பளபளக்கும் கைப்பிடி, நடுவில் ஆள் உயரத்துக்குப் பெயர். ஒலிபெருக்கியில் அதே கதை, வேறொரு இளைய குரலில், பின்னணி இசையோடு. ஷூ, கண்ணாடி எல்லாம் வந்தது. ஜனங்கள் ஒரு மூலையில் மொய்த்துக்கொண்டு நின்றார்கள். எட்டிப் பார்த்தாள்.

பாறையில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். மடித்துவிட்ட கால்சட்டை, பொத்தான் பிசகிய சட்டை, உடைந்த மூக்குக் கண்ணாடி, கையில் காலிப் பாட்டில். ஒவ்வொரு குடும்பமாகப் பக்கத்தில் வந்து நின்று படம் எடுத்துக்கொண்டது. தள்ளாடச் சொன்னால் எழுந்து தள்ளாடினான். விழச் சொன்னால் விழுந்தான். சுக்கான்தான். துரும்பாக இளைத்திருந்தான்.

விழுந்தவன் எழும்போது அவளைப் பார்த்துவிட்டான். பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். ஒரு கணந்தான். இந்தப் பக்கம் திரும்பு என்று கேமராக்காரர் அதட்டினார். திரும்பி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் புருஷனாக மறுபடியும் தள்ளாடினான்.

அவளால் அங்கே நிற்க முடியவில்லை. வேகமாக நடந்தவளின் முழங்கையை யாரோ பிடித்தார்கள். சுக்கானின் பெண்டாட்டி. கையில் துடைப்பம், உடம்பில் ஓட்டல் சீருடை. சத்தம் போடுவாள், ஏசுவாள் என்று ஸ்டெனோ தயாரானாள். அவளோ, வெயிலில் வந்திருக்கிறீர்கள், வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றாள்.

வீடு என்பது ஓட்டலின் துணி வெளுக்கும் கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை. சுவரெல்லாம் சோப்பு வாடை. ஒன்பதாவது படிக்கிற அவர்களுடைய மகள் வந்தவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் புத்தகத்தோடு வெளியே போய்விட்டாள். சுக்கானின் பெண்டாட்டி தண்ணீர் கொடுத்தாள். பிறகு டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து மடியில் வைத்து நீவினாள். விசாரணையில் கொடுத்த நகல். ஸ்டெனோவின் கையெழுத்து அதன் அடியில் இருந்தது.

"அன்னைக்குப் படகை விட்டு வந்து உங்ககிட்ட சொன்னத அப்படியே எங்கிட்ட சொன்னாரு. பத்திரிகைக்காரங்க எழுதப் போறாங்க, இனிமே இந்தப் பொய்யச் சொல்ல வேண்டாம்னு ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியா சாப்பிட்டாரு. பொண்ண விட்டு இதப் படிக்கச் சொன்னேன். நாலு தரம் படிக்கச் சொன்னேன். மூணு வரி இல்லம்மா."

ஸ்டெனோ டம்ளரைக் கீழே வைத்தாள். அவசரத்தில் விட்டுப்போயிருக்கும் என்று சொல்லப் பார்த்தாள். பிறகு தாளின் அடியிலிருந்த தன் கையெழுத்தையே பார்த்தாள்.

"அவரு பண்ணது தப்பு. அதுக்கு நான் வக்காலத்து வாங்கல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து செருப்பால அடிச்சிருந்தாலும் வாங்கியிருப்பாரு. இப்ப தினம் உங்க வீட்டுக்காரரா விழுந்து எந்திரிக்கிறாரு. வேற வேலை குடுக்க மாட்டேன்னு முதலாளி சொல்லிட்டாரு."

அவள் கேட்டது பெரிய விஷயமில்லை. மறுபரிசீலனைக்கு மனு போட்டிருந்தார்கள். அதற்குப் புதுச் சாட்சியம் கொடுக்க இன்னும் ஐந்து நாள்தான் கெடு. சுக்கான் இப்போது வாய் திறந்தால் லைசென்ஸ் போன கோபத்தில் முதலாளிமேல் பழி போடுகிறான் என்பார்கள். ஸ்டெனோ தன் கையால் அந்த மூன்று வரியையும் எழுதி, இதுவும் அன்று சொல்லப்பட்டதுதான் என்று கையெழுத்துப் போட்டால் போதும். முதலாளி கதையும் வெளியே வரும். முனையின் பெயரும் தானாகப் போகும்.

"நாளைக்குக் காலைல எழுதிக் குடுத்துட்டுப் போறேன்" என்றாள் ஸ்டெனோ.

அதைச் சொன்னபோது அவள் பொய் சொல்லவில்லை. விடுதி அறைக்குப் போய் உட்கார்ந்து எழுதவும் எழுதினாள். அந்த நோட்டு வீட்டில் இருந்தது, ஆனால் அந்த வரிகளுக்கு நோட்டு தேவைப்படவில்லை. கண்ணாடியைத் துடைக்க அவன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான் என்பதுவரை அவளுக்குப் பாடம். எழுதி முடித்து, கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்தாள். எதுவும் விடப்படவில்லை என்று ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவள், விட்டேன் என்று இப்போது கையெழுத்துப் போட வேண்டும். விட்டது மறதியா என்று அதிகாரி கேட்பார். அது கோர்ட்டுக்குப் போகும். இருபது வருஷத் தாள்களையெல்லாம் வக்கீல்கள் தூசு தட்டி எடுப்பார்கள். இந்த அம்மா இதில் எதை விட்டிருக்கிறாள் என்று ஒவ்வொருத்தராகக் கேட்பார்கள். வேலை போகும். வேலை போவதுகூட அப்புறம். தும்மினால் தும்மினார் என்று எழுதுகிறவள் என்ற அந்தக் கேலியை இனி யாரும் சொல்ல மாட்டார்கள். புருஷன் போன பிறகு அவள் பிடித்துக்கொண்டு நின்றது அந்த ஒன்றைத்தான்.

தாளை நான்காகக் கிழித்தாள். எட்டாகக் கிழித்தாள்.

காலையில் முதல் பஸ்ஸிலேயே ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கூட்டம் ஏற ஏற, பஸ் புறப்படாமல் நின்றது. கண்டக்டர் டீ குடிக்கப் போயிருந்தார். அப்போது நிலையத்துக்குள் ஓட்டல் சீருடையோடு சுக்கானின் பெண்டாட்டி நுழைவது தெரிந்தது. விடுதியில் விசாரித்துவிட்டு ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் வெள்ளைத் தாள், ஒரு பேனா. வரிசையில் முதலில் நின்ற பஸ்ஸின் ஒவ்வொரு ஜன்னலாக அண்ணாந்து பார்த்தபடி நடந்தாள். பிறகு இரண்டாவது பஸ். அடுத்தது இதுதான்.

ஸ்டெனோ குனிந்தாள். காலடியில் எதையோ தேடுகிறவள்போல் தலையை முன் சீட்டுக்குக் கீழே கொண்டுபோய்க் கையால் துழாவினாள்.

"ஏதாவது விழுந்துடுச்சாங்க?" என்று பக்கத்து சீட்டுக்காரர் தானும் குனிந்தார்.

"ஆமா."

"என்ன?"

ஜன்னலுக்கு வெளியே செருப்புச் சத்தம் வந்தது, நின்றது, மெதுவாகக் கடந்து போனது. விசில் ஊதி பஸ் திரும்பி ரோட்டுக்கு ஏறிய பிறகுதான் நிமிர்ந்தாள். கிடைத்துவிட்டது என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னாள்.

வீட்டு வாசலில் நாத்தனார் நாற்காலி போட்டுக் காத்திருந்தாள். ஸ்டெனோ செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள், அந்தப் பெயர் இருக்கிறதா, போய்விட்டதா என்று.

"எடுத்துட்டாங்க அண்ணி" என்றாள் ஸ்டெனோ, காதில் விழும்படி சத்தமாக.

"வேற என்ன பேரு வெச்சிருக்காங்க?"

அவளுக்கு யோசிக்க நேரமில்லை. புருஷனுடைய பெயரைச் சொன்னாள். நாத்தனாருக்கு முதலில் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை கேட்டதும் நாத்தனாருடைய வாய் கோணியது. இரண்டு வருஷமாக அழாதவள் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். ஸ்டெனோ நின்றபடியே அவள் அழுது முடியட்டும் என்று காத்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நாத்தனார் நிமிர்ந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"அப்ப அடுத்த லீவுக்கு என்னையும் கூட்டிட்டுப் போ. நான் அவன் பேரக் கண்ணால பாக்கணும்."